“மீதி ஒண்ணு” என்று சொல்லாதீர்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆலைகளில் தானியங்கிக் கட்டுப்பாடு பற்றி நான் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனவே செயலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தலைப்பை மாற்றிவிட்டேன். நாற்பத்தேழையும் முப்பத்தெட்டையும் கூட்டுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். விடை 85. அதில் தகராறு இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த 85 எப்படி வருகிறது, ஏன் வராமல் போகிறது என்பதில்தான் தகராறு.

மணலி உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். 1969-ல் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து உரம், பெட்ரோ கெமிக்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. உள்ளே ஓடும் திரவத்தைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அளக்கிறோம். மதில் சுவருக்கு வெளியே இருக்கிற தெருக்களில் ஒப்பந்தத் தொழிலாளிகள், லாரி ஓட்டுநர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியிருக்கிற குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் முதல் தேதி. கட்டுப் போட்டு எண்ணுவது, இடமதிப்பு, இனமாற்றம் எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புச் சமாச்சாரம். 2020-ல் முதல் வகுப்புக்குப் பெயர் பதிந்த பிள்ளை அந்த வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்பின் நடுவில் போய் உட்கார்ந்தது. அந்தப் பிள்ளைகள் 2025-ல் ஆறாவதைத் தொட்டுவிட்டார்கள். பின்னம் சொல்லித்தருகிறார்கள், தசமம் சொல்லித்தருகிறார்கள். அடியில் இருக்க வேண்டிய செங்கல்லைக் காணோம்.

2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது எங்கள் தெருவிலேயே ஒரு தங்கச்சி தன்னார்வலராகச் சேர்ந்தாள். மாலை ஐந்து முதல் ஏழு வரை, வீட்டு வராந்தாவில் இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. “அண்ணா, தமிழ் நான் பாத்துக்கறேன், கணக்குக்கு நீங்க வாங்க” என்றாள். போனேன். சனிக்கிழமைகளில் இன்றும் போகிறேன். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். கற்றுக்கொண்டது நான்; பிள்ளைகள் அல்ல என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் பலகையில் 47 + 38 எழுதிப் போட்டேன். சரியான விடைகளை விடுங்கள். தவறான விடைகள் மூன்று வகையாக வந்தன. ஒரு பையன் 715 எழுதினான். இன்னொருவன் 75. ஒரு பெண் 121.

முதல் பையனுக்கு ஏழும் எட்டும் பதினைந்து என்று தெரியும். நாலும் மூணும் ஏழு என்றும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டான். அவன் கூட்டல் சுத்தம். ஒரு கட்டத்துக்குள் ஓர் இலக்கம்தான் இருக்கலாம், ஒன்பதைத் தாண்டினால் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஊர் வழக்கம்தான் அவனுக்குத் தெரியாது. இரண்டாவது பையன் 5 எழுதினான். பத்தை எங்கோ வைத்து மறந்துவிட்டான். வைத்தது ஒன்று என்று நினைத்திருப்பான். ஒன்றுதானே, போனால் என்ன?

மூன்றாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 121 எங்கிருந்து வந்தது? எனக்கு விளங்கவே இல்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “எப்படிம்மா போட்டே, சொல்லு” என்றேன். அவள் சொன்னாள்: “ஏழும் எட்டும் பதினஞ்சு. மீதியத்தானே மேல எழுதணும்? பதினஞ்சுல பத்து போனா மீதி அஞ்சு. அஞ்ச மேல எழுதினேன். ஒண்ணக் கீழ எழுதினேன். அஞ்சும் நாலும் மூணும் பன்னெண்டு.”

யோசித்துப் பாருங்கள். தமிழ் தெரிந்தவள் அவள்தான்! நாம் வீட்டிலும் பள்ளியிலும் என்ன சொல்கிறோம்? “ஏழும் எட்டும் பதினஞ்சு, அஞ்சு போட்டு மீதி ஒண்ணு.” நீங்களும் அப்படித்தான் கற்றீர்கள், நானும் அப்படித்தான். மீதி என்றால் என்ன? எடுத்தது போக நிற்பது. பத்து ரூபாய்க்கு ஏழு ரூபாய்ச் சாமான் வாங்கினால் மூன்று ரூபாய் மீதி. பதினைந்தில் ஒரு பத்தைக் கட்டிப் பக்கத்துக்கு அனுப்பினால் இங்கே மீதி நிற்பது ஐந்து. அனுப்பியதைப் போய் ‘மீதி’ என்கிறோம், நின்றதை அல்ல. அதோடு அனுப்பியது பத்து. அதை ‘ஒண்ணு’ என்கிறோம். இரண்டே சொல், இரண்டுமே ஏறுமாறு. கூட்டத் தெரிந்த பிறகு நமக்கு இது உறைப்பதில்லை. சொல்லை நம்பிக் கணக்குப் போடுகிற பிள்ளை மாட்டிக்கொள்கிறது. அந்தப் பெண்ணுக்கு ‘கணக்கு வராது’ என்று அதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது; அவள் அம்மாவே என்னிடம் சொன்னார்.

சில வீடுகளில் “மனசுல ஒண்ணு” என்பார்கள், சிலர் “கையில ஒண்ணு” என்பார்கள். இவை பரவாயில்லை, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்று எதில் ஒன்று என்றும் சொல்லவில்லை. கழித்தலுக்குப் போனால் ‘கடன் வாங்குதல்’. வாங்கின கடனை யாராவது திருப்பிக் கொடுத்து நீங்கள் பார்த்ததுண்டா? கடன் வாங்கிக் காலம் தள்ளும் வீட்டுப் பிள்ளை ஒருவன் இதை என்னிடம் நேராகவே கேட்டான். நான் சொன்னேன், “அது கடன் இல்லப்பா, சில்லறை மாத்தறது.” உடனே புரிந்துகொண்டான்.

நம் பாடப்புத்தகத்தில் ‘இனமாற்றம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. படிக்கிற காலத்தில் அது எனக்கு வறட்டுச் சொல்லாகத் தெரிந்தது. இப்போது சொல்கிறேன், அதை உருவாக்கியவர் யாரோ, கெட்டிக்காரர். ஒன்றுகள் ஓர் இனம், பத்துகள் வேறோர் இனம். பத்து ஒன்றுகள் சேர்ந்தால் இனம் மாறி ஒரு பத்து ஆகின்றன. உள்ளதை உள்ளபடி சொல்கிற சொல். எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் அது நுழைவதில்லை என்பதுதான் சங்கடம். அதனால்தான் நாங்கள் வேறு சொல் தேடினோம். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் நம் தாத்தா பாட்டிகள் இதை எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். பழைய தமிழ் எண் முறையில் பத்துக்குத் தனிக் குறி ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. நாற்பத்தேழை ௪௰௭ என்று எழுதுவார்கள்: நாலு, பத்து, ஏழு. முப்பத்தெட்டு ௩௰௮. இரண்டையும் கூட்டினால் ஏழும் எட்டும் ௰௫. அந்த ௰ தன் முகத்தோடு அங்கே நிற்கிறது பாருங்கள்! அதை ‘ஒண்ணு’ என்று யாரும் ஏமாற்ற முடியாது. நாலு ௰, மூணு ௰, இன்னொரு ௰. ஆக எட்டு ௰, மேலே ௫. ௮௰௫. அந்த முறையில் பெரிய பெருக்கல் வகுத்தல் போட நீங்கள் தவித்துப்போவீர்கள்; சுழியம் போட்டு இடத்தால் மதிப்புக் காட்டும் முறை உலகத்தை வென்றது நியாயமான வெற்றிதான். ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. பத்தின் முகம் மறைந்து, அது நிற்கிற இடம் மட்டும் மிஞ்சியது. அந்த மறைந்த முகத்தைப் பிள்ளைக்கு நாம்தான் காட்ட வேண்டும்.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அதில் பொன்னிலக்கம் என்று ஒன்று, நெல்லிலக்கம் என்று ஒன்று. நெல்லளவில் இனமாற்றம் படிக்குப் படி மாறும். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். 5 மரக்கால் 6 படியும் 3 மரக்கால் 5 படியும் சேர்ந்தால் எவ்வளவு? பதினொரு படியில் எட்டுப் படி ஒரு மரக்காலாகிவிடும். மீதி மூன்று படி. ஆக 9 மரக்கால் 3 படி. இங்கே ‘மீதி’ என்ற சொல் எவ்வளவு சரியாகத் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது! நெல்லை அளந்தவர்களுக்குக் குழப்பம் வரவில்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வரும்வரை நாலு பைசா ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். ஒன்பது அணாவும் பதினொரு அணாவும் ஒரு ரூபாய் நாலணா என்று மளிகைக் கடைப் பையன் தூக்கத்தில் சொல்லுவான். பத்தில் மட்டும் இனம் மாறுகிற நம் கணக்கு அதைவிட எவ்வளவோ சுலபம். அந்தக் காலத்துக் கற்பித்தல் எல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பிரம்படியும் மனப்பாடமும் நிறையவே இருந்தன. ஆனால் கணக்குக்குக் கீழே நெல் இருந்தது, காசு இருந்தது.

சரி, நாங்கள் வராந்தாவில் என்ன செய்கிறோம்? ஒரு தென்னந்துடைப்பம், ஒரு பாக்கெட் ரப்பர் பேண்டு. ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்வது. புளியங்கொட்டை, சோழி எல்லாம் எண்ணுவதற்கு நல்லது. ஆனால் கட்ட முடியாது. இந்தப் பாடத்தின் உயிரே கட்டுவதில் இருக்கிறது. திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் தீக்குச்சி சொன்னார்; விம்கோ நகர் என்று ரயில் நிலையத்துக்கே தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் இருக்கிற பக்கம் அல்லவா! மருந்து முனையோடு பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விதி ஒன்றே ஒன்று: யார் கையிலும் பத்து உதிரிக் குச்சி இருக்கக் கூடாது. பத்து சேர்ந்த உடனே ரப்பர் பேண்டு போட வேண்டும். பூக்கடையில் உதிரிப் பூ, கட்டின பூ என்கிறோமே, அதே சொற்கள்தான்: உதிரி, கட்டு. நாற்பத்தேழு என்றால் நாலு கட்டு, ஏழு உதிரி. முப்பத்தெட்டு என்றால் மூணு கட்டு, எட்டு உதிரி. இரண்டு பேரும் குச்சிகளை நடுவில் கொட்டுகிறார்கள். உதிரி பதினைந்து. விதிப்படி ஒரு கட்டுப் போட்டாக வேண்டும். போட்டதும் அது தானாகக் கட்டுகளின் பக்கம் போய்ச் சேர்கிறது. அங்கே போடு என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. “கட்டு ஒண்ணு, மீதி உதிரி அஞ்சு.” இப்படித்தான் எங்கள் பிள்ளைகள் சொல்கிறார்கள். மீதி இப்போது ஐந்தின் பக்கம் போய்விட்டது. ஒண்ணு என்றாலும் கட்டு ஒண்ணு. 121 எழுதிய பெண் இரண்டாவது நாளே மற்றவர்களை அதட்ட ஆரம்பித்துவிட்டாள்: “டேய், பத்து உதிரி வெச்சிருக்கே, கட்டு!”

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் வந்து பார்த்தால் “என்னங்க, நோட்டுல ஒண்ணுமே எழுதல, குச்சி வெச்சு விளையாடறாங்க” என்பார்கள். இரண்டு வாரம் விளையாடட்டும். பிறகு நோட்டில் கட்டு, உதிரி என்று இரண்டு வரிசை போட்டு, குச்சியை நகர்த்திக்கொண்டே எழுத வேண்டும். குச்சியில் ஒன்று செய்தால் பென்சிலில் ஒன்று. மேலே சின்னதாக எழுதுகிற அந்த 1 எதற்கு என்று அப்போது யாரும் கேட்பதில்லை. இப்போதுதான் ரப்பர் பேண்டு போட்டார்கள், அதன் அடையாளம் அது. 47-ஐயும் 33-ஐயும் கூட்டினால் உதிரி ஒன்றுகூட மிஞ்சாது. அப்போது ‘8’ என்று மட்டும் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளையிடம், “உதிரி எத்தனை?” என்று கேளுங்கள். “இல்லை.” “இல்லைன்னு எழுது.” சுழியம் ஏன் என்று அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு, நூறு. மூன்று இலக்கக் கூட்டலுக்குப் புதிய பாடம் கிடையாது. அதே விதி இன்னொரு வீடு தள்ளி நடக்கிறது, அவ்வளவுதான்.

குச்சிக்கு அப்புறம்தான் காசு. பத்து ஒரு ரூபாய் நாணயத்துக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. கட்டைப் பிரித்தால் உள்ளே பத்துக் குச்சி கண்ணுக்குத் தெரியும். நோட்டைக் கிழித்தால் ஒன்றும் தெரியாது. அது நம்பிக்கையின் பேரில் பத்து. பத்து ரூபாய் நாணயத்தைக் கடையில் வாங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற ஊரில் அந்த நம்பிக்கையைச் சிறு பிள்ளையிடம் எதிர்பார்க்கலாமா?

இப்போது நம் ஆட்களுக்கு. இரண்டாம் ஆண்டு டிஜிட்டல் லேபில் பிரெட்போர்டும் கையுமாக உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 7486-ஐயும் 7408-ஐயும் வைத்து ஹாஃப் ஆடர். உள்ளே போவது இரண்டு, வெளியே வருவது இரண்டு: கூட்டலும் கேரியும். அடுத்த வாரம் ஃபுல் ஆடர். அதில் உள்ளே போவது மூன்று. வயரிங் திடீரென்று இரண்டு மடங்காகி, எல்.ஈ.டி. எரியாமல் நம்மில் பாதிப் பேர் அன்று ரெக்கார்டில் கையெழுத்து வாங்கவில்லை. பிள்ளையின் நோட்டிலும் இதேதான் நடக்கிறது. முதல் வரிசை ஹாஃப் ஆடர்; ஏழும் எட்டும். இரண்டாவது வரிசை ஃபுல் ஆடர். நாலும் மூணும் அதோடு வந்து சேர்ந்த ஒன்றும். மூன்று எண்ணைக் கூட்ட வேண்டும், அதில் ஒன்று வினாத்தாளில் அச்சடிக்கப்படாதது. ‘ஒன்றை மறந்துவிட்டாயே’ என்று திட்டுவதற்கு முன், மூன்று சின்ன எண்களைக் கூட்டி அந்தப் பிள்ளை பழகியிருக்கிறதா என்று பாருங்கள். 4 + 3 + 1, 6 + 2 + 1 என்று தனியாக ஒரு வாரம் கொடுத்தால் பாதி மறதி போய்விடுகிறது. இது லேபில் நாம் பட்ட பாட்டிலிருந்து எடுத்த வைத்தியம்.

இயந்திரத்துக்கும் கேரிதான் தலைவலி. 1642-ல் பாஸ்கல், வரி வசூல் பணியிலிருந்த தன் அப்பாவின் கணக்கைச் சுலபமாக்கக் கூட்டல் இயந்திரம் செய்ய உட்கார்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. ஒரு சக்கரம் ஒன்பதிலிருந்து சுழியத்துக்குத் திரும்பும்போது பக்கத்துச் சக்கரத்தை ஒரே ஒரு பல் நகர்த்த வேண்டும். அந்த வேலைக்குத்தான் அவர் தனிப் பொறியமைப்பு செய்ய வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் சில்லிலும் கேரி ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனால் நேரம் ஆகிறது என்றுதான் கேரி லுக் அஹெட் கண்டுபிடித்தார்கள். பழைய இரும்புக் கடை ஒன்றில் சக்கர எண்கள் கொண்ட பழைய கவுண்ட்டர் ஒன்றை வாங்கி வராந்தாவுக்கு எடுத்துப் போனேன். 999 வரை சுற்றிவிட்டு, அடுத்த ஒரு சுற்றில் மூன்று சக்கரமும் சேர்ந்து புரண்டு 1000 ஆகிறதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்ட வேண்டிய விஷயம்தான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு புதிர் போடுவேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்களைக் கூட்டும்போது மேலே எழுதுவது எப்போதாவது 2 ஆகுமா? ஆகவே ஆகாது. ஒன்பதும் ஒன்பதும் வந்த ஒன்றும் சேர்ந்தாலே பத்தொன்பதுதான். மூன்று எண் கூட்டினால் அதிகபட்சம் 2. நான்கு எண் என்றால் 3. ஏன் என்று ஒரு ஏழாவது படிக்கும் பையன் எனக்கு விளக்கினான். பிரமாதமாக விளக்கினான்.

அடிப்படைக்கும் அடிப்படை ஒன்று உண்டு, பத்தாக்குதல். ஏழையும் எட்டையும் கூட்ட விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பதினைந்துக்குப் போகிற பிள்ளைக்கு நடுவில் பத்து தென்படுவதே இல்லை. ஏழுக்கு மூன்று தேவை; எட்டிலிருந்து மூன்றைக் கொடு; பத்தாச்சு, மீதி ஐந்து. சீன ஆசிரியர்களையும் அமெரிக்க ஆசிரியர்களையும் ஒப்பிட்டு லிப்பிங் மா 1999-ல் ஒரு புத்தகம் எழுதினார். கழித்தலில் ‘கடன்’ என்று சொல்லாமல் ‘பெரிய அலகைப் பிரித்தல்’ என்று சீன ஆசிரியர்கள் சொல்வதை அதில் காட்டுகிறார். படித்தபோது நம் இனமாற்றம்தான் நினைவுக்கு வந்தது.

எண்களின் பெயரிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். தமிழ் இதில் பிள்ளைகளுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. நாற்பத்தேழு என்ற பெயரிலேயே நாலு பத்தும் ஏழும் இருக்கின்றன. பீகார்ப் பையனுக்கு அது ‘சைந்தாலீஸ்’. நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு பெயரையும் தனியாக நெட்டுருப் போட்டாக வேண்டும். ஆங்கில வழியில் படிக்கிறவர்களுக்குத் தர்ட்டீனும் தர்ட்டியும் ஒன்றாகக் காதில் விழுகின்றன. தமிழில் பதிமூன்றையும் முப்பதையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தமிழும் ஓரிடத்தில் காலை வாரிவிடுகிறது. எண்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு, அடுத்து ‘தொண்ணூறு’. காதில் ‘நூறு’ விழுகிறது. தொண்ணூற்றாறை 906 என்று எழுதிய பையன் எங்கள் வராந்தாவில் இருக்கிறான். தொள்ளாயிரத்திலும் அதே வம்பு. அந்த இரண்டு பெயரையும் ஒன்பது கட்டு, ஒன்பது பெரிய கட்டு என்று சொல்லிப் பழக்கிவிட்டுப் பிறகு பெயருக்கு வாருங்கள்.

இன்னொன்று. வலது பக்கத்திலிருந்துதான் கூட்ட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மார்க்கெட்டில் மீன்காரம்மா நாற்பத்தேழும் முப்பத்தெட்டும் கூட்டுவதைக் கவனியுங்கள். “நாப்பதும் முப்பதும் எழுவது, ஏழும் எட்டும் பதினஞ்சு, எம்பத்தஞ்சு.” இடமிருந்து போகிறார். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை தெரெசினா நூனெஸும் தோழர்களும் ஆராய்ந்து 1985-ல் எழுதினார்கள். கடையில் நூற்றுக்கு 98 கணக்கைச் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கைக் காகிதத்தில் எண்ணாக மட்டும் கொடுத்தபோது நூற்றுக்கு 37 தான் சரியாகப் போட்டார்கள். நம் நாட்டிலும் பார்த்தார்கள். கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை செய்யும் சுமார் 1,400 பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலானவர்கள் எழுதிய ஆய்வு 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகளுக்குக் காகிதக் கணக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. எங்கள் வராந்தாவில் அம்மாவோடு பூ விற்கிற பெண் ஒருத்தி வாய்க்கணக்கில் புலி, நோட்டைத் திறந்தால் பூனை. இரண்டும் ஒரே கணக்குத்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. “எழுவது எழுது. அதுக்குக் கீழ பதினஞ்சு எழுது. இப்ப ரெண்டையும் கூட்டு” என்றேன். எழுதிவிட்டு, “இவ்ளோதானாண்ணா?” என்று கேட்டாள். இதை எந்த ஆசிரியரும் தப்பு என்று அடிக்கக் கூடாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு இறங்குவது சுலபம். அது உண்மையும் அல்ல. 2003 வாக்கிலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் விஜயகுமார் ஐ.ஏ.எஸ். ஆணையராக இருந்தபோது செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுதும் போயிற்று. அட்டையும் மணிச்சரமும் ஏணிப்படியும் அப்போதே வகுப்பறைக்கு வந்தன. மணலி அப்போது நகராட்சி. மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல்தான். 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம். நல்ல திட்டம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் அது முதல் மூன்று வகுப்புகளுக்கு என்று வந்து, பிறகு ஐந்து வரை விரிந்தது. நான் முதலில் சொன்னேனே, வகுப்பறையைப் பார்க்காமல் ஏறிவந்த பிள்ளைகள், அவர்கள் அந்த வயதைத் தாண்டி நடுநிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு ஈர்க்குச்சி கட்ட நேரம் இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்த இடைவெளியில்தான் உங்களைக் கேட்கிறேன், குறிப்பாக இன்றைய மாணவர்களை. 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையை அங்கே அமைத்தார். 1797-ல் அதை இங்கிலாந்தில் புத்தகமாகப் போட்டார். ‘மதராஸ் முறை’ என்று உலகமெல்லாம் பெயர் வாங்கியது. சட்டாம்பிள்ளை வைத்துப் படித்த ஊர் நமது. எங்கள் வராந்தாவிலும் ஏழாவது படிக்கிறவன் நாலாவது படிக்கிறவளுக்குச் சொல்லித்தருகிறான். சொல்லித்தரும்போதுதான் அவனுக்கே பிடிபடுகிறது.

வருகிறவர்களுக்கு மூன்று சமாச்சாரம் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே பாடம் நடத்தாதீர்கள். பதினாறு குச்சியை எண்ணச் சொல்லி, காகிதத்தில் 16 எழுதச் சொல்லி, “இந்த 6 எத்தனை குச்சி, காட்டு, இந்த 1 எத்தனை குச்சி, காட்டு” என்று கேளுங்கள். ஆறாவது படிக்கிற பிள்ளை அந்த 1-க்கு ஒரே ஒரு குச்சியை எடுத்துக் காட்டினால் அதிர்ச்சியை முகத்தில் காட்டிவிடாதீர்கள். அங்கிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, விடை தப்பாக இருந்தால் அடிப்பதற்குமுன் “எப்படிப் போட்டே?” என்று கேட்டு, பதில் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள். நமக்கு இதுதான் கஷ்டம். மூன்றாவது, ஆறாவது ஏழாவது பிள்ளைகளுக்குக் குச்சியைக் கையில் எடுக்க வெட்கமாக இருக்கும். அவர்களைத் தனியாக உட்கார வைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தயார் பண்ணுகிறோம் என்று சொல்லிக் கட்டச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு மணலியில் கூடுகிறோம். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பஸ்ஸில் வருகிறவர்கள் அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள். இப்போதைக்கு மூன்று பேர்தான் இருக்கிறோம், பிள்ளைகள் முப்பத்தைந்துக்கு மேல். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வெளியே சங்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், எழுதிவிட்டுப் போங்கள். துடைப்பம் இருக்கிறது. ரப்பர் பேண்டுதான் மாதத்துக்கு ஒரு பாக்கெட் தீர்ந்துபோகிறது.